ஆணியில் தொங்கும் ஆபீஸ்

தமிழில் சில வாக்கியங்களுக்கு அகராதியில் ஓர் அர்த்தமும், குடும்பத்தில் வேறோர் அர்த்தமும் உண்டு. "வீட்டிலேதானே இருக்கிறாய்!" என்பது அவற்றில் முக்கியமானது. அகராதிப்படி பார்த்தால், ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் பரம சாதுவான வாக்கியம் அது. குடும்பத்தில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? "காஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வை, தண்ணீர் லாரி வந்தால் கீழே போய் நில், எதிர் வீட்டுக்குக் கூரியர் வந்தால் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கு, மத்தியானம் சித்தி வருகிறாளாம், நாலு வடை தட்டி வை" என்று அர்த்தம்!

இதே வாக்கியத்தை ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்து யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரைப் பார்த்துச் சில வீடுகளில் சொல்வதுண்டு. அவர் உடனே செருப்பை மாட்டிக் கொண்டு லைப்ரரிக்குப் புறப்பட்டு விடுவார். பெண்களுக்கு அந்த லைப்ரரியும் இல்லை.

வீட்டிலிருந்தபடி உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரைகள் இப்போது ஏராளமாக வருகின்றன. விடியற்காலையில் எழுந்திரு, பட்டியல் போடு, செல்போனை அடுத்த அறையில் வை, இருபத்தைந்து நிமிஷம் வேலை செய்து ஐந்து நிமிஷம் ஓய்வெடு என்றெல்லாம் சொல்கிறார்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தாம். ஆனால் அத்தனையும் வேலை செய்கிறவளுக்கே சொல்லப்படுகின்றன. அவளைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அவற்றில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. என் அனுபவத்திலோ, வீட்டில் வேலை ஓடுவதும் ஓடாததும் பாதிக்கு மேல் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நாற்சந்தியில் ஒரு மேஜை

நான் பத்திரிகை ஆபீசில் வேலை பார்க்கிறவள். பேட்டி காண்பது, எழுதுவது, பிறர் எழுதியதைத் திருத்துவது, அச்சுக்குப் போகுமுன் புரூப் பார்ப்பது – இவை என் வேலைகள். 2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு ஆரம்பமாயிற்று அல்லவா? அதற்கு முந்தின வாரமே எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு லாப்டாப்பைக் கொடுத்து, "இனிமேல் வீட்டிலிருந்தே பார்த்துக் கொள்ளுங்கள்" என்று அனுப்பி விட்டார்கள்.

முதல் வாரம் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து, மறுபடி மாலையில் அதே கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புவதில் தினம் இரண்டு மணி நேரம் போய்க் கொண்டிருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் இனி மிச்சம்! பாட்டு கற்றுக் கொள்ளலாம், பாதியில் நிற்கும் நாவலை முடிக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். இரண்டாவது வாரம், மிச்சமான இரண்டு மணி நேரத்தைக் காணோமே என்று தேட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் பார்த்தால், அதோடு கூட இன்னும் நாலு மணி நேரத்தையும் காணோம்!

எங்களுடையது இரண்டு படுக்கை அறையும் ஒரு ஹாலும் சமையலறையும் கொண்ட ஃபிளாட். என் கணவருக்கு ஸாப்ட்வேர் கம்பெனியில் உத்தியோகம். அவரும் அதே வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஓர் அறையில் மேஜை போட்டுக் கொண்டு கதவைச் சாத்திக் கொண்டார். மற்றோர் அறை குழந்தையின் கட்டிலுக்கும் பொம்மைகளுக்கும் சரியாகப் போயிற்று. எனக்கு வாய்த்தது ஹாலில் இருந்த சாப்பாட்டு மேஜை. அதில் உட்கார்ந்தால் வலது கைப் பக்கம் சமையலறை, இடது கைப் பக்கம் வாசற்கதவு, முதுகுக்குப் பின்னால் பால்கனி, எதிரே டெலிவிஷன். நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்பாரே, சரியாக அந்த இடம்!

அப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. சாத்திய கதவைக் காட்டி, "அப்பா ஆபீசில் இருக்கார், சத்தம் போடக் கூடாது" என்று சொன்னதும் குழந்தை புரிந்து கொண்டு விட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, நீ எப்போ ஆபீஸ் போவே?" என்று கேட்டாள்.

"இப்பவே ஆபீஸிலேதான் இருக்கேன், கண்ணு" என்றேன்.

குழந்தை மேஜையைப் பார்த்தாள். அதன் மேல் லாப்டாப்பும், அதை ஒட்டி ரசப் பாத்திரமும் இருந்தன. ஆபீஸ் எங்கே என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள்!

குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களுக்கே அது புலப்படுவதில்லை. ஒரு நாள் வயதான சங்கீத வித்வான் ஒருவரிடம் டெலிபோனில் பேட்டி கண்டு கொண்டிருந்தேன். அவர் தம் குருநாதரைப் பற்றி நெஞ்சுருகச் சொல்லிக் கொண்டிருந்த சமயத்தில் குக்கர் மூன்று விசில் அடித்தது. காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு மோட்டார் ஓடியது. குழந்தை அழுதது. வித்வான் சற்று நிதானித்து, "வீட்டிலே ஏதாவது விசேஷமா, அம்மா? நான் வேணா நாளைக்குப் பேசட்டுமா?" என்று கேட்டார். மறுநாளும் அதே விசேஷம்தான் நடந்தது!

இப்படியே எட்டு மாதம் ஓடிற்று. பகலில் எழுத முடியாததை இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதினேன். ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் மறுநாள் மூளை எப்படி வேலை செய்யும்? கட்டுரைகள் ஒரு நாள் தள்ளிப் போயின. பிறகு இரண்டு நாள். அச்சகமோ யாருக்காகவும் காத்திருக்காது. ஆசிரியர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலும் தேவலை. "உங்களுக்குக் கொஞ்சம் லேசான பகுதியாகப் பார்த்துக் கொடுக்கட்டுமா?" என்று அனுதாபத்துடன் கேட்டார். பத்து வருஷம் பாடுபட்டுப் பெற்ற பேட்டிப் பகுதி கை நழுவப் போகிறது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக் கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி, அனுப்பவும் மனமில்லாமல், கிழிக்கவும் மனமில்லாமல் வைத்திருந்தேன்.

காப்பி கொண்டு வந்தவர் யார்?

வீட்டில் உட்கார்ந்து மலை மலையாக எழுதிக் குவித்தவர்கள் உலகத்தில் இல்லையா? அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் அகப்பட்டவர் ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். நாற்பத்தேழு நாவல்கள் எழுதியவர்; அவற்றில் பலவற்றைத் தபால் இலாகாவில் முழு நேர உத்தியோகம் பார்த்துக் கொண்டே எழுதினார். அவர் இறந்த பிறகு 1883-இல் வெளியான சுயசரிதையில் தம் ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன் உட்கார்ந்து விடுவாராம். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவாராம். காலை ஆகாரத்துக்கு உடுத்துவதற்கு முன் அன்றைய எழுத்து வேலை முடிந்து விடும்.

படிக்கும்போது பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே இடத்தில் இன்னொரு விவரமும் இருக்கிறது. தம்மை எழுப்புவதற்காகக் குதிரைக்காரக் கிழவர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்து வந்தாராம். இத்தனை வருஷங்களில் அந்தக் கிழவர் ஒரு நாளாவது காப்பியைத் தாமதமாகக் கொண்டு வந்ததில்லையாம். அப்படிப் போடுங்கள்! ஐந்தரை மணிக்குக் காப்பியைக் கையில் கொண்டு வந்து கொடுக்க ஆள் இருந்தால் நம்மில் எத்தனை பேர் நாவல் எழுத மாட்டோம்? எங்கள் வீட்டில் அந்தக் குதிரைக்காரக் கிழவர் நானேதான்.

அடுத்தவர் ஜேன் ஆஸ்டின். சாட்டன் என்ற கிராமத்தில், எல்லோரும் வந்து போகும் பொது அறையில் உட்கார்ந்துதான் அந்த அம்மாள் எழுதினார். சின்னச் சின்னத் தாள்களில் எழுதுவாராம். யாராவது வந்தால் சட்டென்று மறைத்து விடச் சௌகரியம் அல்லவா? அந்த அறைக்கு வரும் வழியில் ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடுமாம். அதைச் சரி செய்ய வேண்டாம் என்று தடுத்து விட்டாராம், ஆள் வருவதை அது முன்கூட்டிச் சொல்லி விடுகிறதே என்று! அவருடைய மருமான் எழுதிய வரலாற்றில் இந்த விவரம் வருகிறது. உலகம் கொண்டாடும் நாவல்களை எழுதிய பெண், தாம் எழுதுகிறோம் என்பதையே வீட்டில் ஒளிக்க வேண்டியிருந்தது.

இக்காலத்து ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். சீனாவில் ஷாங்காய் நகரத்தில், பிரயாண டிக்கெட்டு விற்கும் பெரிய கம்பெனி ஒன்றில் 2010-ஆம் வருஷக் கடைசியில் ஒரு பரீட்சை ஆரம்பித்தார்கள். டெலிபோனில் பேசி வியாபாரம் செய்யும் ஊழியர்களில் சிலரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நிகலஸ் புளூம் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் அதிகமாயிற்று! அந்தப் பரீட்சையில் சேர விரும்பினவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வேலை செய்வதற்கென்று வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பதே அது.

ஆக, ஒருவருக்குக் காப்பி கொண்டு வர ஆள். மற்றவர்களுக்குத் தனி அறை. இரண்டும் இல்லாதவள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மாயவரத்திலிருந்து வந்தது.

புளியங்கொட்டைக் கணக்கு

2021-ஆம் வருஷம் பொங்கலுக்கு என் மாமியார் எங்களோடு இருக்க வந்தார். அத்தை அதிகம் பேசுகிறவர் இல்லை. வந்த நாலாம் நாள் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுத்துக் கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பேத்தியோடு பல்லாங்குழி ஆடப் போகிறார் என்று நினைத்தேன். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தார். சாப்பாடு ஆனதும் மகனைக் கூப்பிட்டு, ஜன்னல் கட்டையைக் காட்டினார்.

"ஏண்டா தம்பி, இது எத்தனை இருக்குன்னு எண்ணு."

அவர் எண்ணினார். "இருபத்து மூணு. எதுக்கும்மா?"

"உன் பெண்டாட்டி மூணு மணி நேரத்துலே நாற்காலியை விட்டு எழுந்த தடவை. நீ ஒரே தடவை வெளியே வந்தே. அதுவும் காப்பி கேக்க."

ஹாலில் சிறிது நேரம் நிசப்தம். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ என்ன வேலை பண்றேன்னு எனக்குத் தெரியாது. ஆனா மூணு மணி நேரத்துலே இருபத்து மூணு தடவை எழுந்தா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை கூட வைக்க முடியாது."

அத்தை அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாமனாருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாக இருக்கும். அத்தை கூடத்தில் கால் மிஷின் போட்டு, இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவர். என் கணவருடைய என்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷமும் பணம் கட்டியது அந்த மிஷின்தான். ஒரே கூடம், மூன்று குழந்தைகள், அதிலேயே மாமனாரின் தாயார் படுக்கையில் கிடந்தார். அங்கே தனி அறைக்கு எங்கே போவது?

"எப்படி அத்தை சமாளிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மிஷின் ஓடினா சத்தம் கேக்கும். சத்தம் கேட்டா அம்மா வேலையா இருக்கான்னு தெரியும். உன் மிஷின் சத்தமே போடலையே! நீ சினிமா பாத்தாலும் அப்படித்தான் இருக்கே, வேலை பாத்தாலும் அப்படித்தான் இருக்கே. யாருக்கு என்ன தெரியும்?"

என் கணவர் அப்போது மெதுவாகச் சொன்னார்: "இஞ்சு டேப்பு."

அத்தை சிரித்தார். துணியை வெட்டும்போதும் அளக்கும்போதும் மிஷின் சத்தம் இராது அல்லவா? அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். காலையில் சமையல் ஆனதும் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக் கொள்வார். டேப்பு கழுத்தில் இருக்கிற வரையில் அவர் தையற்காரி. அதைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டி விட்டால் அம்மா. குழந்தைகளுக்குச் சட்டம் தெரியும். நெருப்புப் பிடித்தால் கூப்பிடலாம். ரத்தம் வந்தால் கூப்பிடலாம். பசித்தால் தூக்கில் முறுக்கு இருக்கிறது. பாட்டிக்குத் தண்ணீர் வேண்டுமானால் பெரிய பையன் கொடுக்க வேண்டும். அந்தப் பெரிய பையன்தான் என் கணவர்.

"டேப்பு ஆணிக்குப் போகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து காத்துக் கொண்டிருப்பேன்" என்றார் அவர். இருபத்து மூன்று கொட்டைகளையும் கையில் வைத்துக் கொண்டு வெகு நேரம் நின்றார். அன்று மாலை காப்பியை அவரே போட்டுக் கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் ஆபீஸ் அடையாள அட்டையைத் தேடி எடுத்தேன். பத்து மாதமாகக் கைப்பைக்குள் கிடந்தது. அதன் நாடாவைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு, குழந்தையைக் கூப்பிட்டேன். "இது கழுத்திலே இருந்தா அம்மா ஆபீஸிலே இருக்கேன். ஆணியிலே இருந்தா வீட்டிலே இருக்கேன்" என்றேன். குழந்தைக்கு ஒரு நொடியில் விளங்கி விட்டது. எட்டு மாதம் வாயால் சொல்லி விளங்காத விஷயம்!

பங்கு பிரித்தோம்

கழுத்தில் அட்டையை மாட்டிக் கொண்டால் மட்டும் காலிங் பெல் அடிக்காமல் இருந்து விடுமா? அன்று இரவு இருபத்து மூன்று கொட்டைகளையும் சாப்பாட்டு மேஜை மேல் கொட்டி, எது எதற்காக எழுந்தேன் என்று பிரித்துப் பார்த்தோம். வாசற்கதவுக்கு ஏழு. குழந்தையின் ஆன்லைன் வகுப்புக்கு ஆறு. அடுப்புக்கு நாலு. வீட்டுத் தொலைபேசியில் உறவினர்கள் மூன்று. கணவர் கேட்ட காப்பி, தேடிக் கொடுத்த சார்ஜர், எதிர் வீட்டு மாமிக்குக் கொடுத்த உறைமோர் ஆகியவை பாக்கி மூன்று. என் சொந்தக் காரியத்துக்காக எழுந்தது ஒன்றுகூட இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் 2019-ஆம் வருஷம் முழுவதும், ஜனங்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசம் பூராவும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் நூறு பெண்களில் 81 பேர் ஈடுபட்டிருந்தார்கள். ஆண்களில் 26 பேர். அப்படி ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக் கொண்டாலும், பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். ஆண்களுக்கு 97 நிமிஷம் ஆயிற்று. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஆபீசுக்குப் போகிற நாளில் இந்த ஐந்து மணி நேரம் முன்னும் பின்னுமாக ஒதுங்கி நிற்கும். வீட்டில் உட்கார்ந்தால் அத்தனையும் நடுவே வந்து கலந்து விடுகிறது.

ஆகையால் கொட்டைகளைப் பங்கு போட்டோம். பத்திலிருந்து ஒன்று வரை வாசற்கதவு கணவருடையது. அவருடைய முக்கியக் கூட்டங்கள் எல்லாம் அமெரிக்காக்காரர்களோடு, மாலையில்தான் ஆரம்பமாகும். குழந்தையின் வகுப்பு பாட்டியின் பொறுப்பு. சமையல் ஒன்பதரைக்குள் முடிந்து விட வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்குக் கூட்டு கிடையாது, அப்பளம்தான். உறவினர்களுக்கு நானே டெலிபோன் செய்து, "தினம் நாலு மணிக்கு மேலே கூப்பிடுங்கோ, சாவகாசமாகப் பேசலாம்" என்று சொல்லி விட்டேன். ஒரே ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் கோபம். இரண்டு மாதத்தில் அதுவும் தணிந்தது.

வாசற்கதவைத் திறக்க ஆரம்பித்த முதல் வாரம் என் கணவர் அடைந்த ஆச்சரியத்தைச் சொல்ல வேண்டும். "இத்தனை பேரா வருகிறார்கள்? இஸ்திரிக்காரர், குப்பை வண்டி, கூரியர், கீரைக்காரம்மா, மீட்டர் பார்க்கிறவர்... இவர்கள் எல்லாம் இதற்கு முன்னும் வந்து கொண்டிருந்தார்களா?" என்று கேட்டார். அவர்கள் ஊரடங்கு தளர்ந்த நாளிலிருந்து வந்து கொண்டுதான் இருந்தார்கள். சாத்திய கதவுக்குள் அந்த மணிச் சத்தம் எட்டவில்லை. அடுத்த வாரமே வாசலில் ஒரு கூடையை மாட்டி, "பார்சல்களை இதில் போடவும்" என்று எழுதி ஒட்டினார். ஏழு மணி மூன்றாகக் குறைந்தது. இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்கிறீர்களா? எழுந்து எழுந்து ஓடுகிறவளுக்கு யோசிக்க நேரம் ஏது?

அந்த மூன்று மணி நேரம் கைக்கு வந்ததும், நாலு நாள் இழுத்துக் கொண்டிருந்த கட்டுரை இரண்டு நாளில் முடிந்தது. பேட்டிப் பகுதி என்னிடமே நின்றது. ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன்.

மாவு எவ்வளவு?

வீட்டு வேலைக்கு வாசற்படி இல்லாதது போலவே அளவும் கிடையாது. ஆபீசில் ஆறு மணி அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்து விடுகிறோம். வீட்டில் எந்த மணி அடிக்கும்? 1955-இல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு வேடிக்கையான விதியை வெளியிட்டார். ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறதோ, அவ்வளவுக்கும் அது வீங்கிக் கொள்ளும் என்பது அதன் சாரம். வேறு வேலையில்லாத பாட்டியம்மாள் ஒருத்தி, மருமாளுக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போடுவதிலேயே முழு நாளையும் கழித்து விடுவதை அவர் உதாரணம் காட்டினார். கண்ணாடியைத் தேட ஒரு மணி. விலாசத்தைத் தேட அரை மணி. குடை கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிக்க இருபது நிமிஷம்!

பேராசிரியர் சொன்னது அவகாசம் அதிகம் உள்ளவர்களுக்கு. நம் கஷ்டம் வேறு தினுசு என்றாலும் மருந்து ஒன்றுதான்: இன்றைக்கு இவ்வளவு என்று காலையிலேயே அளந்து விட வேண்டும். இதை நம் நாட்டுப் பெண்கள் எவ்வளவு அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள், பாருங்கள்! 1959-இல் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்ததுதான் இன்று தேசமெல்லாம் பெயர் பெற்ற லிஜ்ஜத் அப்பளம். அங்கே வழக்கம் என்ன? காலையில் பிசைந்த மாவை எடை போட்டு வாங்கிக் கொண்டு போக வேண்டியது. வீட்டில் அப்பளமாக இட்டு, மறுநாள் காலையில் கொண்டு வந்து கொடுத்து, கூலி பெற்றுக் கொண்டு புது மாவு வாங்க வேண்டியது. மாவு தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது.

நானும் காலையில் ஒரு துண்டுத் தாளில் மூன்று காரியங்களை மட்டும் எழுதிக் கொள்கிறேன். அதில் கஷ்டமானதை, மூளை தெளிவாக இருக்கும் பத்து மணிக்கே எடுத்துக் கொள்கிறேன். திருத்துவது, புரூப் பார்ப்பது போன்றவற்றுக்கு மத்தியானத் தூக்கக் கலக்கம் போதும். மூன்றும் முடிந்தால் அன்றைய மாவு தீர்ந்தது. தீராவிட்டாலும் ஆறு மணிக்கு அட்டை ஆணிக்குப் போய் விடும்; லாப்டாப் பீரோவில் புடவைகளுக்குப் பக்கத்தில் படுத்து விடும்.

டேப்பைக் கழற்றி மாட்டும் இந்தப் பகுதிதான் கடினம் என்று அத்தை முன்னாலேயே எச்சரித்திருந்தார். "மாட்டிக்கறது சுலபம்மா. தீபாவளி சமயத்துலே நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கழற்றவே மாட்டேன். இவன் மிஷினுக்குக் கீழேயே தூங்கிப் போயிடுவான். காலை எடுத்து வெக்கப் பயமா இருக்கும், இவன் மேலே மிதிச்சுடுவேனோன்னு" என்றார். சொல்லி விட்டு, நாற்பது வயது மகனின் தலையை ஒரு தரம் தடவிக் கொடுத்தார்.

அதனால் சட்டம் ஆபீசுக்கும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் வருகிற, அவசரம் இல்லாத கேள்விகளுக்கு மறுநாள் பத்து மணிக்குத்தான் பதில். முதலில் ஆசிரியரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். "கட்டுரை நேரத்துக்கு வந்தால் சரி" என்றார். அவ்வளவுதான்! 2022-இல் எங்கள் ஆபீசை முழுவதும் திறந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் வீட்டில் என்று ஏற்பாடாயிற்று. அந்த இரண்டு நாளும் எனக்கு அவசியமாகத்தான் இருக்கின்றன. வீட்டில் எல்லாம் கிடைக்கும். கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு டீயும் வம்பும் கிடைக்காது.

எல்லா நாளும் சட்டப்படி நடப்பதாகவும் நினைத்து விடாதீர்கள். வேலைக்கார அம்மா வராத நாள் உண்டு. குழந்தைக்கு ஜுரம் வரும் நாள் உண்டு. மழைக் காலத்தில் மின்சாரமும் இன்டர்நெட்டும் கூட்டுச் சேர்ந்து கொண்டு போய் விடும் நாள் உண்டு. அன்றைக்கு ஆபீசுக்குக் காலையிலேயே சொல்லி விட்டு, அட்டையை ஆணியிலிருந்து எடுப்பதே இல்லை. அரைகுறையாக இரண்டு இடத்திலும் இருப்பதை விட ஓரிடத்தில் முழுசாக இருப்பது மேல்.

தனி அறை உள்ள சகோதரிகள் பாக்கியசாலிகள். கதவைச் சாத்திக் கொள்ளுங்கள். இல்லாதவர்கள் ஒரு நாற்காலியையோ ஒரு மூலையையோ, கழுத்தில் ஒரு நாடாவையோ அடையாளமாக வைத்துக் கொள்ளலாம். ட்யூஷன் எடுக்கிறவர்களுக்கும், தையல் தைக்கிறவர்களுக்கும், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வேலை நடக்கிறது என்பது குழந்தை முதல் கூரியர்காரர் வரை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அது முடிந்து விட்டது என்பதும் தெரிய வேண்டும்.

ஆரம்பத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. அடுத்த முறை புளி கொட்டை நீக்கும்போது ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள், வேலை நடுவே எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று வீதம் ஒரு கிண்ணத்தில் போட்டு வாருங்கள். முடிந்தால் வீட்டில் வேறு யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். அது இன்னும் நல்லது. இரவானதும் அந்தக் கிண்ணத்தை உங்கள் மேஜையில் வைத்துக் கொண்டு பெருமூச்சு விட வேண்டாம். எல்லோரும் சாப்பிட உட்காரும் சமயத்தில், நடுவில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள்.